தம்பிக்கு முதல் லேப்டாப்: 45,000 ரூபாய்க்குள், படிப்புக்கும் கொஞ்சம் கேமுக்கும்

நொய்யல்கரை · திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்பு) கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் இதுவரை கம்ப்யூட்டர் இருந்ததில்லை. ஆன்லைன் வகுப்பு நடந்த காலத்தில்கூட என் போனை வைத்துத்தான் படித்தான். நான் பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டேலி தெரியும், அதைத் தாண்டி எதுவும் தெரியாது.

போன தீபாவளி போனஸும் சீட்டு எடுத்த பணமும் சேர்த்து 45,000 இருக்கிறது. மிஞ்சிப் போனால் இன்னும் 3,000 புரட்டலாம். நாலு வருடம் ஓட வேண்டும். தம்பிக்கு நண்பர்களோடு வாலரண்ட் ஆட ஆசை, அப்புறம் ஜிடிஏ 5. பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, அந்த ஆசையையும் நிறைவேற்றிக் கொடுக்க நினைக்கிறேன்.

கடையில் மூன்று காட்டினார்கள் (பிராசசர், ராம், எஸ்எஸ்டி சேமிப்பு, விலை என்ற வரிசையில்).

ரைசன் 5 7520யூ, 8 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி: 37,500
ரைசன் 5 7530யூ, 8 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி: 43,000
ஐ5 12450எச், 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி: 51,000

"முதல் ரெண்டும் ஒண்ணுதானுங்க அம்மணி. ரெண்டும் ரைசன் 5, ரெண்டும் 7000 சீரிஸ். எதுக்கு 5,500 அதிகம் குடுக்கறீங்க?" என்கிறார் கடைக்காரர். மிச்சமாகும் பணத்தில் பையும் மவுஸும் வாங்கிவிடலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


உப்புக்காற்று · தூத்துக்குடி

அக்கா, கேம் ஆடணும் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் எடுக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 2050 போட்டது 58,000 பக்கம் வரும், மாதத் தவணையில் எடுக்கலாம். நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கார்டு இல்லாத லேப்டாப் வாங்கிவிட்டு வருத்தப்படும் பையன்கள் எங்கள் ஹாஸ்டலில் நிறைய.


திருப்புளி · கோவை

சகோதரி, முதலில் அந்த 5,500 விஷயத்தைப் பேசிவிடலாம். 14 வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். கடைக்காரர் சொன்னது தவறு. அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது வேறு. அந்தப் பெயர்கள் குழப்பும்படிதான் இருக்கின்றன.

ரைசன் சிப்பைச் செய்யும் ஏஎம்டி 2022-ல் பெயர் வைக்கும் முறையை மாற்றியது. நாலு இலக்க எண்ணில் முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பட்டியல் என்பதைச் சொல்லும். 7 என்றால் 2023. சிப்புக்குள் இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-ல் அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2. 7530-ல் அது 3, 2020-ல் வந்த ஜென் 3.

உள்ளே இருக்கும் வித்தியாசம் இன்னும் பெரியது. 7520யூ-வில் 4 கோர் (கணக்கிடும் பகுதி), 7530யூ-வில் 6 கோர். கேமுக்கு முக்கியமான உள்கிராஃபிக்ஸ் (சிப்புக்குள்ளேயே இருக்கும், படம் வரையும் பகுதி) 7520யூ-வில் ரேடியான் 610எம், அதில் இருப்பது 2 கணிப்பு அலகுகள். 7530யூ-வில் 7 அலகுகள் கொண்ட வேகா. வேகா பழைய வடிவமைப்புதான், ஆனாலும் 2-க்கும் 7-க்கும் உள்ள தூரம் அதை ஈடுகட்டிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது ராமைப் பற்றித்தான். 7520யூ ஏற்பது எல்பிடிடிஆர்5 வகை ராம் மட்டும். இந்த விலை லேப்டாப்களில் அது மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும். இன்று 8 ஜிபி என்றால் நாலாம் வருடமும் அதே 8 ஜிபிதான், ஏற்றவே முடியாது. போன மாதம்கூட ஒரு பையன் "அண்ணா, ராம் மட்டும் ஏத்திக் குடுங்க" என்று அதே சிப் போட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்து ஸ்லாட்டே இல்லாததைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டு போனான்.

7530யூ எடுப்பது சாதாரண டிடிஆர்4. அதிலும் சில கம்பெனிகள் ராமைப் பற்றவைத்து விடுகின்றன, ஆனால் நிறைய மாடல்களில் ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கும். வாங்கும் முன் அதை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டால் போதும்.

மூன்றாவதைப் பற்றி. 12450எச் பிராசசராக மூன்றிலும் பலமானது, 8 கோர். ஆனால் அதன் உள்கிராஃபிக்ஸ் சின்னது, 48 அலகு யூஎச்டி. அதைவிட மெதுவான பிராசசர் என்று சொல்லப்படும் ஐ5 1235யூ-வில்கூட 80 அலகு இருக்கிறது. எச் வரிசை பெரும்பாலும் தனி கார்டு போட்ட லேப்டாப்புக்காகச் செய்தது. கார்டு இல்லாமல் எச் சிப் மட்டும் வாங்கினால், 51,000 கொடுத்தும் கேமில் 43,000 ரூபாய் லேப்டாப்புக்குப் பின்னால்தான் நிற்கும். கோடிங் மட்டும் என்றால் அதையே சொல்லியிருப்பேன்.


மலைக்கோட்டை · திருச்சி

பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. பாடம் எடுக்கிறேன். படிப்புக்கு என்ன தேவை என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் வருடம் பைத்தான், சி. அதற்கு அந்த மூன்று லேப்டாப்பில் எதுவும் போதும். இரண்டாம் வருடம் சர்க்யூட் சிமுலேஷன் வரும். எல்டிஸ்பைஸ், ஆர்டுயினோ மென்பொருள், போர்டு வரைய கிகேட், எல்லாம் இலவசம், எல்லாம் இலகுவானவை. மேட்லேப் கல்லூரி லேபில் இருக்கும். வீட்டில் பழக அதே மாதிரியான ஆக்டேவ் போட்டுக்கொள்ளலாம்.

திணறுவது மூன்றாம் வருடம் விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) பாடத்தில்தான். அதற்கான விவாடோ மென்பொருளைப் போட்டால் டிஸ்க்கில் பல பத்து ஜிபியை விழுங்கிவிடும், 8 ஜிபி ராமில் சின்ன டிசைனை ஓட்டவே நிமிடக்கணக்கில் உட்கார வேண்டும். அதனால் 16 ஜிபிக்குப் போக வழியுள்ள லேப்டாப்பை எடுங்கள். முதல் நாளே 16 வேண்டும் என்பதில்லை.

திரையையும் கவனியுங்கள் அம்மா. பிள்ளைகள் இரவு முழுக்க பிடிஎஃப்பும் என்பிடெல் பாட வீடியோவும் பார்ப்பது அதில்தான். கடையில் லேப்டாப்பை நேராக வைத்துப் பார்த்துவிட்டு, திரையை மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். நிறம் வெளுத்து, கறுப்பு சாம்பலாகி, முகங்கள் நெகட்டிவ் மாதிரி திரும்பினால் அது டிஎன் பேனல். எந்தப் பக்கம் சாய்த்தாலும் படம் அப்படியே நின்றால் ஐபிஎஸ். ஒரே விலையில் இரண்டும் விற்கிறது. கண்ணுக்காக ஐபிஎஸ் கேளுங்கள்.


பழையது போதும் · சென்னை

வேறு வழி ஒன்றைச் சொல்லவா? ரிச்சி தெருவில் கம்பெனிகளில் ஓடித் திரும்பிய திங்க்பேட் டி480 புதிதின் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. இரண்டு ராம் ஸ்லாட், கெட்டியான உடம்பு, அருமையான கீபோர்டு, பின்பக்க பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். 8-ம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். நான் 3 வருடமாக அதில்தான் கோடு எழுதுகிறேன். புதிது என்ற ஆசைக்காக 43,000 ஏன் கொடுக்க வேண்டும்?


திருப்புளி · கோவை

நல்ல லேப்டாப்தான், என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் இந்தப் பையனுக்கு வேண்டாம் என்பேன்.

அதில் இருப்பது யூஎச்டி 620. வாலரண்ட் ஓடும், தெளிவைக் குறைத்து 720பி-யில். ஜிடிஏ 5 இழுக்கும். அதுபோக அது 2018 மாடல். இன்னும் நாலு வருடம் என்றால் பட்டம் வாங்கும்போது லேப்டாப்புக்கு வயது 12-ஐத் தாண்டிவிடும். கெட்டுப்போனால் நமக்கு ரிச்சி தெரு இருக்கிறது, பாகம் தேடத் தெரியும். அந்தச் சகோதரி பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே அலைவார்?

பழையதுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அருகருகே வரும். 50,000 என்று தொடங்கியது 30,000-க்கு வந்திருந்தால் புது பேட்டரிக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.


உப்புக்காற்று · தூத்துக்குடி

> கேமில் 43,000 ரூபாய் லேப்டாப்புக்குப் பின்னால்தான் நிற்கும்

சரி அண்ணா, 12450எச் விஷயம் எனக்கே தெரியாது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 2050 எடுத்தால் இந்தப் பேச்சே வேண்டாமே? கையில் இருக்கும் 45,000-ஐவிட 13,000 அதிகம், 12 மாதத் தவணையில் போட்டால் மாதம் 1,100 பக்கம்தானே?


திருப்புளி · கோவை

வட்டி, பிராசசிங் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள் தம்பி. அந்த 1,100 அக்கா சம்பளத்திலிருந்து போகிறது.

2050 நல்ல கார்டுதான், மறுக்கவில்லை. அதற்கு மேல் ரகமான ஆர்டிஎக்ஸ் 3050-ன் பழைய மாடலில் இருக்கும் அதே 2,048 கோர்கள் அதிலும் உண்டு. ஆனால் நினைவகத்துக்குப் போகும் பாதை 64 பிட், 3050-ல் பாதி. கார்டின் சொந்த நினைவகமான விஆர்ஏஎம் 4 ஜிபி. புதிய பெரிய கேம்களுக்கு அது இப்போதே பற்றாது. பழைய கேம்களுக்கோ குறைந்த விலையிலேயே வேலை முடிந்துவிடும். கேட்டிருப்பது வாலரண்டும் ஜிடிஏ 5-ம். இரண்டும் வேகாவில் ஓடுபவை.

இன்னொன்றும் உண்டு. கார்டு போட்ட லேப்டாப் கனம் அதிகம், பெரிய சார்ஜரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். வகுப்பில் ப்ளக் பாயிண்ட் கிடைக்காத நாளில் மதியத்துக்கே படுத்துவிடும். திருப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரும் பிள்ளை என்றால் இதையும் யோசிக்க வேண்டும்.


உப்புக்காற்று · தூத்துக்குடி

புரிகிறது அண்ணா. நான் ஹாஸ்டலில் இருப்பதால் எப்போதும் சார்ஜரில்தான் ஆடுவேன், பஸ் பயணத்தை யோசிக்கவில்லை.

அக்காவுக்கு வாலரண்ட் பற்றி ஒன்று: அதோடு வரும் வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கினால்தான் கேமைத் திறக்கவிடும். புது லேப்டாப்பில் இரண்டும் இயங்கியபடியே வரும், யாராவது "ஸ்பீடு ஆகும்" என்று அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். லினக்ஸில் வாலரண்ட் ஓடாது. ஜிடிஏ 5 மட்டும் 100 ஜிபிக்கு மேல் இடம் எடுக்கும், 512 எஸ்எஸ்டிக்குக் குறைந்து போகவே வேண்டாம். 512 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை, கணக்கிடும் முறை வேறு.


நொய்யல்கரை · திருப்பூர்

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. தம்பியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்தோம். 7530யூ என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஸ்லாட் இருக்கிறதா என்று கடையிலேயே எப்படிப் பார்ப்பது? மூடியைக் கழற்ற விடமாட்டார்களே. அப்புறம், முதலில் 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு ஏற்றினால் நஷ்டமா?


திருப்புளி · கோவை

கழற்ற வேண்டியதே இல்லை. காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. வலது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கும். ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியில் இரண்டில் ஒன்று என்று இருக்க வேண்டும். ஃபார்ம் ஃபாக்டர் வரியில் சோடிம் என்று இருந்தால் கழற்றி மாட்டும் ஸ்டிக். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது. சில மாடல்கள் பற்றவைத்த ராமையும் ஸ்லாட் கணக்கில் சேர்த்துக் காட்டும், அதனால் இரண்டு வரியையும் படியுங்கள். மாடல் எண்ணை முழுதாகப் போட்டோ எடுத்து வந்து கம்பெனி தளத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில், கடைசி நாலு எழுத்து மட்டும் மாறி, ஸ்லாட் உள்ளதும் இல்லாததும் விற்கும்.

இரண்டாவது கேள்விக்கு: இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், 8-ஓடு வாங்கி வெளியில் ஏற்றுங்கள், பணம் மிச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் திரும்பியதால் நமக்கு வருவது குறைந்துவிட்டது. அதனால் அதே மாடல் 16 ஜிபியில் 48,000-க்குள் கிடைத்தால் அதையே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 8-ஓடு தொடங்கி, இன்னொரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய நல்ல 8 ஜிபி டிடிஆர்4 3200 ஸ்டிக்கை சர்வீஸ் கடையில் சோதித்து வாங்கிப் போடுங்கள். ராம் என்பது தேயும் பொருள் இல்லை. ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓட்டித் தவறு வராவிட்டால் பழையதையே தைரியமாகப் போடலாம்.

இரண்டாவது ஸ்டிக்கால் இடம் மட்டும் கூடுவதில்லை. உள்கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே ஸ்டிக் என்றால் ஒரே பாதை, இரண்டு என்றால் இரண்டு பாதை. என்னிடம் வந்த ஒரு 5625யூ லேப்டாப்பில், அதுவும் கிட்டத்தட்ட இதே சிப்தான், வாலரண்ட் நொடிக்கு 60 படங்களைச் சுற்றித் தடுமாறிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஸ்டிக்கை மாட்டியதும் அதே செட்டிங்கில் 90-ஐத் தாண்டியது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வாங்கும் நாளில் இன்னொரு விஷயம், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். "நாங்களே செட்டப் பண்ணித் தர்றோம்" என்று கடையில் சொல்வார்கள். வேகமாக முடிக்கக் கடைப் பையன் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு விண்டோஸைத் திறந்துவிடுவான். லேப்டாப்போடு வரும் ஆபீஸும் அந்தக் கணக்கோடு சேர்ந்துவிடும். அதைவிட மோசம், விண்டோஸ் 11 டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிட்டு, அதன் 48 இலக்கச் சாவியை அந்தக் கணக்கில் வைத்துவிடும். போன வருடம் என்னிடம் ஒரு கல்லூரிப் பெண் வந்தார். பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் அந்தச் சாவியைக் கேட்டது. சாவி இருந்தது எப்போதோ கடையை விட்டுப் போன ஒருவருடைய மின்னஞ்சலில். அவரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. டிஸ்க்கை அழிப்பதைத் தவிர எனக்கு வழி இல்லை. அந்தப் பெண்ணின் மூன்று வருடக் குறிப்புகளும் இறுதியாண்டு புராஜெக்ட்டும் போய்விட்டன. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

தம்பியின் மின்னஞ்சலிலேயே திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவியைப் பார்த்து நோட்டில் எழுதி, சான்றிதழ்கள் இருக்கும் பையில் போட்டுவையுங்கள்.


மண்பானை · சிவகங்கை

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். பி.காம். முதலாண்டு, 30,000 ரூபாய், கேம் வேண்டாம். இதே வழிதானா?


மலைக்கோட்டை · திருச்சி

பி.காமுக்கு அந்த 7520யூ-வே போதும் தம்பி, மேலே சொன்ன 37,500 உங்கள் கணக்கைத் தாண்டுவதால் விலை குறைந்த மாடலாகத் தேடுங்கள். எக்செல், டேலி, பிரவுசர் எல்லாம் அதில் சிரமமில்லாமல் ஓடும். விலை இன்னும் இறங்கினால் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு போட்டதைக் காட்டுவார்கள், அதை மட்டும் தொடாதீர்கள். அரசின் மடிக்கணினித் திட்டத்தில் உங்கள் கல்லூரி வருகிறதா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.


நொய்யல்கரை · திருப்பூர்

சனிக்கிழமை வாங்கிவிட்டோம்!

முதல் கடையில் இருந்த 7530யூ-வில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று வந்தது. தம்பிதான் பார்த்துச் சொன்னான். கடைக்காரரே ஆச்சரியப்பட்டார், இத்தனை நாள் அந்தத் திரையைத் திறந்து பார்த்ததில்லையாம். கோவை காந்திபுரம் போய் இரண்டு கடை ஏறி இறங்கினோம். அங்கே வேறு கம்பெனி மாடல், அதே 7530யூ, ஐபிஎஸ் திரை, சோடிம், இரண்டில் ஒன்று. 8 ஜிபி, 44,200. 16 ஜிபி மாடல் 49,900 என்றார்கள், அதை விட்டுவிட்டோம். திரையைச் சாய்த்துப் பார்த்தபோது விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே, "எல்லாம் தெரிஞ்சிட்டுத்தான் வந்திருக்கீங்க" என்றார்.

நீங்கள் சொன்னது போலவே பில் போட்டதும் ஒரு பையன் பெட்டியைப் பிரித்து தன் மின்னஞ்சலைத் தட்ட ஆரம்பித்தான். தம்பி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "அண்ணா, நானே போட்டுக்கறேன்" என்றான். 48 எண்ணையும் ராத்திரி நான் வாசிக்க அவன் எழுதினான். அம்மா அதைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு சேர்த்து பீரோவில் வைத்துவிட்டார்.

வாலரண்ட் ஓடுகிறது, செட்டிங் எல்லாம் குறைவில். இரண்டாவது ராம் அடுத்த மாதச் சம்பளத்தில். ஒரே ஒரு கேள்வி பாக்கி: எப்போதும் சார்ஜரில் போட்டே வைக்கலாமா? பேட்டரி கெட்டுவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.


திருப்புளி · கோவை

ரொம்ப சந்தோஷம் சகோதரி.

சார்ஜரில் வைக்கலாம். லேப்டாப்போடு வந்த கம்பெனி மென்பொருளைத் திறந்து, பேட்டரி பகுதியில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் போட்டுவிட்டு, வெளியூர் போகும் நாளில் மட்டும் 100-க்கு விடலாம். கேம் ஆடும்போது மெத்தையிலோ தலையணையிலோ வைக்க வேண்டாம், அடியில் காற்றுப் போகும் வழி அடைத்துவிடும். ஒரு பலகையோ தட்டையான பழைய சாப்பாட்டு மேசையோ போதும்.

ராம் மாட்ட கோவை வரும்போது லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் கழற்றி எடுத்து வரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. தம்பி கூடவே நின்று பார்க்கட்டும், அடுத்த முறை அவனே செய்துகொள்வான்.